உழைப்பாளரைப் பீடத்தில் ஏற்றிய சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி

நமது ஆலயங்களில் வீதியுலா வரும் எழுந்தருளி விக்கிரகங்கள் பஞ்சலோகத்தினால் ஆனவை. ஸ்தபதியார் முதலில் மெழுகினால் உருவத்தைச் செய்வார். அதன்மேல் மண் பூசிக் காயவிட்டு, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பார். அளவுகள் யாவும் சிற்ப சாஸ்திரப்படியே அமையும். தன் விருப்பத்திற்கு அவர் எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டார். இதே உலோக வார்ப்பில் பொது இடங்களுக்கான சிலைகளை ஆக்கிய தேவி பிரசாத் ராய் சௌத்ரியோ, பாடுபடும் மனிதனின் உடம்பிலிருந்தே தமது அளவுகளை எடுத்தார்.

அன்னார் 1899 ஆம் ஆண்டு ஜூன் 15 ஆம் திகதி, இன்று பங்களாதேஷில் உள்ள ரங்பூர் பகுதியில் பிறந்தார். கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார். பின்னர் சிற்பத்தில் நாட்டங் கொண்டார். மல்யுத்தம், வேட்டை, புல்லாங்குழல் ஆகியவற்றிலும் வல்லவர். வங்காள மொழியில் கதைகளும் எழுதினார். மல்யுத்தம் பழகியவராதலால், பாரத்தைத் தள்ளும்போது எந்தத் தசை முறுகும், எந்த நரம்பு புடைக்கும் என்பது அவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதாக இருக்கவில்லை.

1929 இல் சென்னை அரசினர் கலைப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1850 இல் தொடங்கப்பட்ட அப்பள்ளிக்கு அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. 1957 வரை, 28 ஆண்டுகள் அங்கு பணியாற்றினார். தனபால், பணிக்கர் போன்ற பெரும் கலைஞர்கள் அவரிடம் கற்றவர்கள்.

அக்காலத்தில் சிலை என்றால் அரசருக்கும் ஆளுநருக்கும் உரியது. 1839 இல் சென்னையில் நிறுவப்பட்ட, குதிரைமேல் அமர்ந்த மன்றோ துரையின் சிலை இங்கிலாந்தில் செய்யப்பட்டு வந்ததாகும். ராய் சௌத்ரியும் அதிகாரிகள் பலரின் உருவங்களைச் செய்தவரே. 1937 இல் பிரித்தானிய அரசு அவருக்கு எம்.பி.ஈ. பட்டம் வழங்கியது. அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவரை இதற்காகக் குறைகூற முடியாது. ஆயினும் பீடத்தில் யாரை ஏற்றுவது என்பதில் அவர் மனம் வேறு திசையில் சென்றது. திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12 இல், தாழ்த்தப்பட்டோருக்கும் ஆலயக் கதவு திறக்கப்பட்டது. அந்தப் பிரகடனத்தையும் அவர் சிற்பமாக வடித்தார்.

1942 ஆகஸ்ட் 11 இல், பாட்னா தலைமைச் செயலகத்தில் தேசியக் கொடியேற்றச் சென்ற மாணவர் ஏழுபேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுக்கான வெண்கல நினைவுச் சின்னம் 1956 இல் திறந்து வைக்கப்பட்டது. முன்னே கொடி பிடித்தவன் நடக்கிறான், பின்னால் வருவோர் சாய்கின்றனர், விழுகின்றனர். விழுந்தவரைத் தாண்டியும் கொடி முன்னேறுகிறது.

1959 இல் சென்னை மெரினாக் கடற்கரையில் உழைப்பாளர் சிலை எழுந்தது. நால்வர் சேர்ந்து ஒரு பெரும் பாறையை நகர்த்துகின்றனர். அவர்கள் கால்கள் மண்ணில் ஊன்றி, முதுகு வளைந்து, தோள்கள் திரண்டு நிற்கின்றன. நமது கரையில் கரைவலை இழுப்பவர்களையும், அலவாங்கால் கல் நெம்புபவர்களையும் பார்த்தவர்களுக்கு அந்த உடம்புகள் புதியவை அல்ல. கலைக் கல்லூரியின் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவருமே அவ்வுருவங்களுக்கு மாதிரியாக நின்றனர் எனக் கூறுவர். சிலையில் உள்ளோருக்குப் பெயரில்லை. பாறையும் இன்னும் நகர்ந்தபாடில்லை. அது நகரப்போகும் கணத்தையே சிற்பி பிடித்து வைத்துள்ளார். 1923 இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய அதே சென்னைக் கடற்கரையில் இச்சிலை அமைந்தமை பொருத்தமே. அங்கே கோலூன்றி நடக்கும் காந்தியடிகளின் சிலையும் ராய் சௌத்ரி செய்ததாகும். தமிழகத்திற்குத் தலயாத்திரை போகும் நம்மவர் பலர் இவ்விரண்டையும் கண்டிருப்பர், செய்தவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.

1954 இல் லலித் கலா அகாதெமியின் முதல் தலைவரானார். 1958 இல் பத்மபூஷண் விருது பெற்றார். தண்டி உப்பு யாத்திரையைக் காட்டும் பதினொரு உருவங்களை டில்லிக்காகச் செய்யத் தொடங்கினார். காந்தியடிகள் முன்னே செல்ல, பத்துப் பேர் பின்தொடரும் அமைப்பு அது. வேலை முடியுமுன்னரே, 1975 ஒக்டோபர் 15 இல் அன்னார் காலமானார். மீதி வேலை பிறரால் நிறைவு செய்யப்பட்டு, சிலைகள் டில்லியில் நிறுவப்பட்டன. 2016 இல் செல்லாததாக்கப்பட்ட பழைய இந்திய ஐந்நூறு ரூபாய்த் தாளின் பின்புறத்தில் இருந்த படம் அதுதான்.