தனித்துப் பயின்ற பேராசான் மு.வ.

மேலகரம் என்றவுடன் இலக்கிய அன்பர் நெஞ்சில் முதலில் எழுபவர் திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர். அவருடைய புலமைக்குச் சான்றிதழ் தர அன்று பல்கலைக்கழகம் இல்லை. மதுரை மன்னர் முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் நிலம் வழங்கிச் சிறப்பித்தார். 'குறவஞ்சி மேடு' என்ற பெயர் அக்கொடையை இன்றும் நினைவூட்டுகிறது. அடுத்து நினைவுக்கு வருபவர், நம் ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு தாங்கித் திருவாவடுதுறை ஆதீனத் தலைவராய் விளங்கிய மேலகரம் சுப்பிரமணிய தேசிகர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்த பின்னர், உ.வே. சாமிநாதையர் பாடம் கேட்டது இவரிடமே. அவ்வாறு கற்ற சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்தபோது, அவர் கையில் பட்டம் எதுவும் இல்லை. அப்பதவியிலிருந்து ஓய்வுபெற்ற தியாகராச செட்டியாரின் பரிந்துரையும் ஆசிரியர்களிடம் முறையாகக் கேட்ட பாடமுமே அவருக்குத் தகுதியாயின.

ஒரு காலத்தில் மன்னனின் கொடை. பின்னொரு காலத்தில் ஆசிரியரின் சொல். அதன்பின் காலம் மாறிற்று. உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்க விரும்பியவர் பல்கலைக்கழகத் தேர்வில் வென்றாக வேண்டும் என்ற நிலை வந்தது. கல்லூரிக்குச் செல்லும் வாய்ப்பற்ற எளியவருக்கு இம்மாற்றம் தடையாயிற்றா, வழியாயிற்றா? இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தவர் டாக்டர் மு. வரதராசனார். நம் வட்டத்தின் உறுப்பினருள் பள்ளி ஆசிரியர் பலர். பணியில் இருந்துகொண்டே படித்துப் பட்டம் பெற்றவரும் அவருள் உண்டு. ஆதலின் இப்பத்தாண்டு நிறைவு மலரில் அப்பெருமகனாரின் கல்வி வாழ்வை எண்ணிப் பார்ப்பது பொருத்தமுடைத்து.

எழுத்தர் பணியும் ஏட்டுப் படிப்பும்

மு.வ. 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் திருப்பத்தூரில் பிறந்தார். அன்று வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூர், நம் தென்காசியைப் போலவே 2019ஆம் ஆண்டு நவம்பரில் தனி மாவட்டத் தலைநகராயிற்று. தந்தையார் முனுசாமி முதலியார், தாயார் அம்மாக்கண்ணு. குடும்பத்தின் சொந்த ஊர் வாலாசாப்பேட்டையை அடுத்த வேலம். பிறந்தபோது இட்ட பெயர் திருவேங்கடம். பாட்டனாரின் பெயரான வரதராசன் என்பதே பின்னர் நிலைத்தது.

1928இல் பள்ளியிறுதி வகுப்பை முடித்தபோது அவருக்கு வயது பதினாறு. அன்றைய நடுத்தரக் குடும்பத்து இளைஞர் பலரைப் போல அவரும் வட்டாட்சி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். கோப்புகளோடு ஒரு வாழ்நாள் கழிந்திருக்கக் கூடும். உடல்நலம் குன்றியது, பணியை விட்டு ஓய்வுக்காகச் சிற்றூருக்குச் செல்ல நேர்ந்தது. நோயும் வேலையின்மையும் ஒருங்கே வந்த அந்நாளில் வேறொருவர் சோர்ந்திருப்பார். மு.வ.வோ தமிழ் நூல்களைக் கையில் எடுத்தார். முருகைய முதலியார் என்னும் தமிழ்ப் பற்றாளரிடம் பாடம் கேட்டார். பழைய முறைப்படி ஆசிரியர் ஒருவரை அடுத்துக் கேட்ட கல்வி அது. அதன் குறிக்கோளோ புதிய முறையைச் சார்ந்தது: சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய வித்துவான் தேர்வு.

இன்றைய இளைஞர்க்கு வித்துவான் தேர்வின் கடுமை விளங்குவது அரிது. தொல்காப்பியமும் நன்னூலும், சங்க நூல்களும் காப்பியங்களும், உரைகளோடு கூடிய செய்யுட் பரப்பும் அதன் களம். கல்லூரியில் அமர்ந்து பயின்றவர்க்கே மலைப்பூட்டுவது. தனித்தேர்வராய் எழுதியவர்க்கு விரிவுரையாளரின் விளக்கம் இல்லை. நூலகத்தின் துணை இல்லை. உடன் பயிலும் நண்பரின் சொற்போர் இல்லை. தாமே ஐயம் எழுப்பித் தாமே விடை தேட வேண்டும். மு.வ. 1931இல் முதனிலைத் தேர்வில் தேறினார். நான்காண்டுகள் கழித்து, 1935இல், இறுதித் தேர்வை எழுதி மாநிலத்தின் முதல் மாணவராய் வென்றார்.

அவ்வெற்றிக்குத் திருப்பனந்தாள் காசி மடத்தின் ஆயிரம் ரூபாய்ப் பரிசு கிடைத்தது. அக்காலத்தில் அஃது எளிய குடும்பமொன்றின் நிலையையே மாற்றத்தக்க பெருந்தொகை. இப்பரிசிலும் நமக்கோர் உறவு உண்டு. குற்றால மலையில் பிறந்து தென்காசி வழியே ஓடும் சிற்றாறு, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. அந்நீர் சென்றடையும் திருவைகுண்டத்தில் தோன்றியவர் குமரகுருபரர். அவர் காசியில் தொடங்கிய மடத்தின் மரபே திருப்பனந்தாளில் தழைத்தது. பொருநைக்கரைத் துறவி ஒருவர் ஊன்றிய விதை, மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், பாலாற்றுப் பக்கத்து இளைஞர் ஒருவரின் படிப்புக்கு நிழல் தந்தது.

உயர்நிலைப் பள்ளியில்

1935ஆம் ஆண்டு அவர் வாழ்வில் மூவகையால் சிறந்தது. வித்துவான் ஆனார், மாமன் மகளாகிய இராதா அம்மையாரை மணந்தார், திருப்பத்தூர் நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராய் அமர்ந்தார்.

அந்நாளில் உயர்நிலைப் பள்ளியின் தமிழாசிரியர் நிலையைச் சற்றே நினைவுகூர வேண்டும். பாடங்கள் பெரிதும் ஆங்கிலத்தைச் சுற்றியே அமைந்திருந்தன. ஆங்கிலம் கற்பித்தவருக்குக் கிட்டிய ஊதியமும் மதிப்பும் தமிழாசிரியர்க்குக் கிட்டவில்லை. 'பண்டிதர்' என்னும் சொல்லே, மதிப்பைக் காட்டிலும் எள்ளலை மிகுதியாகச் சுமந்து நின்ற காலம் அது. கற்றவர் பலர் அக்குறையைப் பேசியே காலம் கழித்தனர். மு.வ. அதற்குக் கண்ட மருந்து மேலும் கற்பதே. பகலில் வகுப்பு, எஞ்சிய பொழுதில் படிப்பு. பள்ளிப் பணியாற்றிய நான்கு ஆண்டுகளுக்குள், 1939இல், பி.ஓ.எல். எனப்படும் கீழைமொழிக் கல்வியின் இளங்கலைப் பட்டத்தை அவர் பெற்றார்.

அவர் எழுதிய தொடக்க கால நூல்களுள் ஒன்று குழந்தைகளுக்கான பாட்டு நூல் என்பது கருதத்தக்கது. தொல்காப்பிய உரைகளில் தோய்ந்த ஒருவர், முதன்முதலில் பேச முற்பட்டது சிறுவர்களோடு. தேர்வுக்காகக் கற்றவை புலமைச் செருக்காய்த் தடித்துப் போகாமல், எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளையின் செவிக்கு ஏற்ற எளிமையாய்க் கனிந்தன. இக்கனிவே பிற்கால மு.வ.வின் உரைநடைக்கு வித்து என்று துணிந்து கூறலாம்.

பட்டங்களின் படிக்கட்டு

1939இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரி அவரை விரிவுரையாளராய் ஏற்றது. கல்லூரி வகுப்பறைக்குள் மு.வ. எடுத்துவைத்த முதல் அடி, மாணவராய் அன்று, ஆசிரியராய்! பணியில் அமர்ந்த பின்னும் அவர் மாணவராகவே தொடர்ந்தார். தமிழ் வினைச்சொற்களின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் ஆராய்ந்து 1944இல் எம்.ஓ.எல். பட்டம் பெற்றார். சங்க இலக்கியத்தில் இயற்கை பெற்ற இடத்தை ஆராய்ந்து 1948இல் டாக்டர் பட்டம் பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கென டாக்டர் பட்டம் பெற்ற முதல்வர் அவரே என்பது வரலாறு.

பள்ளியிறுதிக்கும் டாக்டர் பட்டத்துக்கும் இடையே இருபது ஆண்டுகள். அவற்றுள் நோய், பணி, குடும்பம், மீண்டும் பணி என எல்லாம் அடங்கின. ஓரிடத்தில் அமர்ந்து படிக்கும் ஓய்வு மட்டும் அடங்கவில்லை. அவ்வாய்வின் பொருளும் நம்மூர்ப் பாவலர் நினைக்கத்தக்கது. அருவியையும் சாரலையும் நாள்தோறும் காணும் நமக்குக் குறிஞ்சி கண்முன் நிற்கும் காட்சி. சங்கப் புலவர் இயற்கையைத் தனியே நிறுத்திப் பாடாமல், மாந்தரின் அகவாழ்வுக்குப் பின்புலமாக வைத்துப் பாடிய திறத்தை அவர் முறையாக ஆராய்ந்து காட்டினார். அவ்வாய்வு ஆங்கில நூலாகவும் வெளிவந்து தமிழறியாதாரையும் சென்றடைந்தது.

வகுப்பறையின் நீட்சி

எண்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார் மு.வ. 1949இல் வெளிவந்த திருக்குறள் தெளிவுரையை அறியாத தமிழ் வீடு அரிது. நம் நெல்லைச் சீமையில் 1920இல் தோன்றிய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் வெளியீடாக அது நூற்றுக்கு மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது. பரிமேலழகர் உரையை அணுக அஞ்சிய எளிய வாசகர்க்கும், தேர்வுக்குப் படிக்கும் மாணவர்க்கும் கையடக்கமாய் அமைந்த நூல் அது. தனித்துப் பயின்ற காலத்தில் தமக்கு எத்தகைய நூல் வாய்த்திருக்க வேண்டுமோ, அத்தகைய நூலையே அவர் பிறர்க்கு ஆக்கித் தந்தார் எனலாம். இலக்கியத் திறன், இலக்கிய மரபு, மொழி வரலாறு ஆகியனவும் இவ்வகையினவே. நூலகம் இல்லாத சிற்றூரில் தனியே அமர்ந்து படிப்பவருக்கும் ஓர் ஆசிரியர் உடனிருப்பதைப் போல் அவை பேசுகின்றன.

புதினங்களையும் அவர் பிறரை எதிர்பாராது தாயக வெளியீடாகத் தாமே வெளியிட்டார். கள்ளோ காவியமோ, கரித்துண்டு முதலியவற்றைப் படித்து வளர்ந்த தலைமுறைகள் உண்டு. அகல் விளக்கு 1961இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. அவருடைய கதைமாந்தர் அளவுக்கு மிஞ்சி அறிவுரை கூறுகின்றனர் என்பது திறனாய்வாளர் கூறும் குறை. இக்குறையை முற்றும் மறுப்பதற்கில்லை. புதினம் என்னும் கலைவடிவை மட்டும் கொண்டு அளந்தால் அறிவுரையின் எடை கூடுதலே. ஆயினும் அந்தக் குரல் எங்கிருந்து எழுகிறது என்று காண வேண்டும். அது திருப்பத்தூர்ப் பள்ளி வகுப்பறையில் பழகிய குரல். வழிகாட்ட ஆளில்லாமல் தாமே தட்டுத் தடுமாறி வழிகண்ட ஒருவர், பின்வருவோர் தடுமாறக் கூடாதே என்று கவலையுறும் குரல். தம்பிக்கு, தங்கைக்கு, அன்னைக்கு, நண்பர்க்கு என அவர் எழுதிய கடித நூல்களில் அக்குரலுக்கு உரிய வடிவம் தானே அமைந்துவிட்டது. கலைஞராக அவரை ஏற்பதில் தயங்குவோரும் ஆசிரியராக அவரை வணங்கத் தயங்குவதில்லை.

நம் பல்கலைக்கழகத்தின் தலைவராய்

பச்சையப்பன் கல்லூரியில் 1961 வரை பணியாற்றிய மு.வ., பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானார். 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராய்ப் பொறுப்பேற்றார். அன்று நெல்லை மாவட்டக் கல்லூரிகள் அப்பல்கலைக்கழகத்தையே சார்ந்திருந்தன. 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தோன்றும்வரை அந்நிலை நீடித்தது. 1964இல் தொடங்கிய குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரியும் அவற்றுள் ஒன்று. ஆக, கல்லூரியில் மாணவராய் அமராதவர், நம் பகுதிக் கல்லூரிகளுக்கெல்லாம் தலைவரானார்.

அவர் பொறுப்பேற்ற அதே 1971ஆம் ஆண்டில் மதுரைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது. அலுவலக எழுத்தர், தொடக்கப் பள்ளி ஆசிரியர், திருமணத்தோடு படிப்பு நின்றுபோன பெண் எனப் பலர்க்கும் பட்டப் படிப்பின் கதவு திறந்தது. முற்காலத்தில் தனித்தேர்வர் ஒருவர் தனியே சுமந்ததைப் பாட ஏடுகளாய்ப் பகுத்து வீடு தேடி அனுப்பும் ஏற்பாடு அது. அவ்வழியில் பட்டம் பெற்று, உயர்நிலைப் பள்ளி ஆசிரியராய் உயர்ந்தவர் நம் வட்டாரத்தில் எத்தனையோ பேர். தபாலில் படித்தவர் என்று அவரைக் குறைத்துப் பேசும் வழக்கமும் உடன் வளர்ந்தது. அவ்வாறு பேசுவோர், அப்பல்கலைக்கழகத்தின் தலைமை இருக்கையில் அன்று அமர்ந்திருந்தவர் எவ்வாறு பயின்றவர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

1972இல் அமெரிக்க நாட்டு ஊஸ்டர் கல்லூரி அவருக்கு டி.லிட். பட்டம் அளித்துச் சிறப்பித்தது. தேர்வு எழுதாமல் அவருக்குக் கிட்டிய பட்டம் அது! அதே ஆண்டில் அவருடைய தமிழ் இலக்கிய வரலாற்றைச் சாகித்திய அகாதெமி வெளியிட்டது. துணைவேந்தராய்ப் பணியாற்றி வந்தபோதே 1974ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், தம் அறுபத்திரண்டாம் வயதில், மு.வ. மறைந்தார்.

நிறைவாக ஒன்று கூறலாம். மு.வ.வைப் போல் முயன்றால் எவரும் மு.வ. ஆகலாம் என்று மேடைகளில் கூறுவதுண்டு. அது முழு உண்மை ஆகாது. தொடக்கத்தில் வழிகாட்ட ஒரு முருகைய முதலியார் அவருக்கு வாய்த்தார். தக்க பொழுதில் ஒரு மடத்தின் பரிசு கைகொடுத்தது. நகராட்சிப் பள்ளி ஒன்று பணி தந்தது. தனித்துப் பயின்றவர் என்கிறோம். ஆயினும் முற்றிலும் துணையின்றிப் பயின்றவர் எவரும் இலர். இன்று நம் ஊர்ப் பக்கத்தில் வேலைக்குச் சென்று திரும்பி, இரவில் தமிழிலக்கியத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் இளைஞரும் இளம்பெண்களும் உள்ளனர். ஐயம் தெளிவிக்க ஒருவர், நூல் கொடுத்து உதவ ஒருவர், தேர்வுக் கட்டணத்துக்குத் துணைநிற்க ஒருவர் என அவர்க்கு வாய்த்தால் போதும். மாதந்தோறும் கூடிக் கவிதை படிக்கும் நம் வட்டம், பதினோராம் ஆண்டிலிருந்து மாலைநேரத் தமிழ் வகுப்பு ஒன்றையும் நடத்துமாயின், திரிகூடராசப்பர் பிறந்த மண்ணில் முருகைய முதலியார்கள் பலர் தோன்றுவர். மாணவர் தாமே வந்து சேர்வர்.