அசன்பே தந்த அறிஞர் சித்திலெப்பை

மிஸ்ர் நாட்டின் பெரிய குடும்பம் ஒன்றில் பிறந்த குழந்தை கடத்தப்படுகிறது. கடல் கடந்து பம்பாய்க்கு வரும் அந்தப் பிள்ளை, தான் யார் வீட்டுப் பிள்ளை என்பது தெரியாமலேயே வளர்கிறான். பிறகு கல்கத்தா போய்ச் சேர்கிறான். சூழ்ச்சிக்காரர்களிடம் சிக்குவதும் தப்புவதுமாகக் கதை விரைகிறது. முடிவில் அவனுடைய பிறப்பின் உண்மை வெளிப்படுகிறது.

இது 1885-ல் வெளிவந்த அசன்பே சரித்திரம் என்னும் தமிழ் நாவல். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் 1879-ல் அச்சேறி ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. துப்பறியும் நாவல்கள் தமிழில் பெருகுவதற்கு வெகு காலம் முன்பே, ஒரு குற்றத்தையும் அதன் மர்மத்தையும் வைத்துக் கதை சொன்னவர் ஒரு முஸ்லிம். இலங்கையின் முதல் தமிழ் நாவலாசிரியர் என்று போற்றப்படும் அறிஞர் முஹம்மது காசிம் சித்திலெப்பைதான் அவர்.

1838-ல் கண்டியில் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். மகனும் அரபு, தமிழ், ஆங்கிலம் கற்று அதே தொழிலில் இறங்கி 1860-களில் வழக்கறிஞரானார். பேரும் வருமானமும் சேர்ந்தன. ஆனால் தம் சமுதாயத்தின் நிலை அவரை உறுத்தியது. மதம் மாற்றிவிடுவார்கள் என்ற அச்சத்தில் முஸ்லிம்கள் கிறிஸ்தவ மிஷன் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பவில்லை. அச்சம் நியாயமானதே. ஆனால் அதற்கு மாற்றாகச் சொந்தப் பள்ளிகளும் இல்லை. வியாபாரம் தெரிந்த சமுதாயம், அரசாங்க அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் தனக்காகப் பேச ஆளில்லாமல் நின்றது.

1882 டிசம்பரில் முஸ்லிம் நேசன் என்ற தமிழ் வார இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில்தான் மிஸ்ரில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற ஒறாபி பாஷா தோற்கடிக்கப்பட்டார். 1883 ஜனவரியில் அவர் நாடுகடத்தப்பட்டுக் கொழும்பு வந்து இறங்கினார். இலங்கை முஸ்லிம்கள் அவரைத் தங்களில் ஒருவராக வரவேற்றார்கள். சித்திலெப்பைக்கும் அவருக்கும் நெருக்கம் ஏற்பட்டது. இந்தப் பின்னணியில் பார்த்தால், நாவலின் கதை மிஸ்ரில் தொடங்குவது தற்செயல் அல்ல என்பது விளங்கும்.

நாவல் வெளிவந்த 1885-லேயே வேறொரு பிறப்பு விசாரணையும் கொழும்பில் தொடங்கியது. சட்டசபையின் தமிழ் உறுப்பினர் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர்கள் இனத்தால் தமிழரே, மார்க்கத்தால் மட்டும் வேறுபட்டவர்கள் என்று வாதிட்டார். 1888-ல் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இலங்கைக் கிளையில் இதையே விரிவான கட்டுரையாக வாசித்தார். முஸ்லிம்கள் வீட்டில் பேசும் மொழியையும் அவர்களின் பழக்கவழக்கங்களையும் சான்றாகக் காட்டினார்.

இது வெறும் ஏட்டு விவாதம் அல்ல. சட்டசபையில் இனவாரியாகவே உறுப்பினர்கள் நியமிக்கப்பட்ட காலம் அது. சோனகரும் தமிழரே என்றால், அவர்களுக்குத் தனி உறுப்பினர் எதற்கு என்ற கேள்வி தானாகவே வந்துவிடும். முஸ்லிம்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1889-ல் முதல் முஸ்லிம் உறுப்பினராக எம்.சி. அப்துர் ரஹ்மான் நியமிக்கப்பட்டார். அப்போதும் வாதம் ஓயவில்லை. 1907-ல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ், இராமநாதனுக்கு மறுப்பாகத் தனி நூலே எழுதினார்.

முஸ்லிம்களைத் தனிச் சமுதாயமாக நிமிர்த்த உழைத்த சித்திலெப்பை, அந்த உழைப்பு முழுவதையும் தமிழிலேயே செய்தார் என்பதுதான் கவனிக்கத்தக்கது. அவருடைய இதழும் தமிழ், நாவலும் தமிழ். மொழியை விட்டுக்கொடுத்தால்தான் மார்க்க அடையாளம் நிலைக்கும் என்று அவர் நினைக்கவில்லை. கடலுக்கு இந்தப் பக்கம் நாம் இனத்தால் தமிழர், மார்க்கத்தால் முஸ்லிம் என்று பெருமையோடு சொல்கிறோம். இலங்கையிலோ அதே சொற்கள் ஒரு சமுதாயத்தின் உரிமையைப் பறிக்கும் வாதமாகக் கேட்டன. அங்குள்ள நம் சகோதரர்களைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

வம்சத்தை வாதிட்டு நிறுவுவதைவிடப் பிள்ளைகளைப் படிக்க வைப்பதே முதல் வேலை என்று அவர் கண்டார். நல்ல வருமானம் தந்த தொழிலைக் குறைத்துக்கொண்டு கொழும்புக்குக் குடிபெயர்ந்தார். 1892-ல் மருதானையில் இன்றைய ஸாஹிராக் கல்லூரிக்கு வித்திட்ட மதரஸா திறக்கப்பட்டது. கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டிய வாப்பிச்சி மரைக்காரும் ஒறாபி பாஷாவும் அதில் அவருக்குத் துணை நின்றார்கள். பெண் பிள்ளைகளின் கல்விக்கும் அவர் முயன்றார். அந்தப் பணியில் அவருடைய சகோதரியும் தோள் கொடுத்தார். ஞானதீபம் என்ற இதழும், அஸ்றாறுல் ஆலம் என்ற நூலும் அவருடைய பிற்காலப் பணிகள். 1898 பிப்ரவரியில் வஃபாத்தானார்கள்.

அதற்குப் பின் நடந்தவை அவர் அஞ்சியதைவிடக் கொடியவை. 1915-ல் அவர் பிறந்த கண்டியிலேயே சிங்களர் - முஸ்லிம் கலவரம் மூண்டு நாட்டின் பல பகுதிகளுக்குப் பரவியது. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அப்போது கைதான சிங்களத் தலைவர்களுக்காக லண்டன் வரை சென்று வாதாடியவர் அதே இராமநாதன். 1990 அக்டோபரில் வடக்கு மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஒட்டுமொத்தமாக வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர் உடுத்திய துணியோடு ஊரை விட்டுப் போனார்கள். யாழ்ப்பாணத்தில் சில மணி நேரமே அவகாசம் தரப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு முன் அவர்களைத் தமிழரே என்று சொன்னார்கள். பேசும் மொழி ஒன்றாக இருந்தும் அது அன்றைக்கு அவர்களைக் காக்கவில்லை.

அசன்பேயைக் கடத்தியவர்கள் ஒரு பிள்ளையின் பெயரையும் வம்சத்தையும் பறித்தார்கள். ஆனால் அவன் கற்ற கல்வியையும் நற்குணத்தையும் யாராலும் பறிக்க முடியவில்லை. நீ யார், எங்கிருந்து வந்தாய் என்று நம் பிள்ளைகளைப் பார்த்து இன்றும் கேட்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கதையையும், இதை எழுதியவரின் கதையையும் வீட்டில் சொல்லிக்கொடுப்போம். குலத்தில் அல்ல, தக்வாவில்தான் உயர்வு என்பது நம் மார்க்கம் தந்த பாடம். அதைச் செயலில் காட்டிய மர்ஹூம் சித்திலெப்பை அவர்களின் கப்ரை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக, ஆமீன்.