டிஷ்லி பண்ணைக்காரர்

கால்நடை இனவிருத்திப் பாடத்தில் ராபர்ட் பேக்வெல் என்ற பெயரை நாமெல்லாம் எழுதி, இரண்டு மார்க் வாங்கி, மறந்தும் போனோம். முப்பது வருஷம் சினை ஊசி போட்டுவிட்டு, போன வருஷம்தான் அவரைப் பற்றி உருப்படியாகப் படித்தேன். மலருக்கு ஏதாவது எழுதச் சொல்லி நம் சங்கத்து நண்பர்கள் கேட்டதும் அவர் ஞாபகம்தான் வந்தது.

1725-ல் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில், லஃப்பரோ ஊருக்குப் பக்கத்து டிஷ்லியில் பிறந்தவர். 440 ஏக்கர் பண்ணை, அதுவும் குத்தகை. இளம் வயதில் ஊர் ஊராகப் போய் மற்றவர் பண்ணைகளைப் பார்த்து வந்தார். 1760-ல் தகப்பனார் காலமானதும் முழுப் பொறுப்பும் இவர் தலையில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வீட்டைப் பார்த்துக்கொண்டது சகோதரி ஹன்னா.

அந்தக் காலத்தில் ஆணும் பெண்ணும் மேய்ச்சலில் ஒன்றாகத்தான் திரியும். எந்தக் காளைக்கு எந்தக் கன்று என்று யாருக்குத் தெரியும்? பேக்வெல் இரண்டையும் பிரித்து வைத்தார். தனக்கு வேண்டிய ஜோடியை மட்டும் சேர்த்தார், நெருங்கிய ரத்த உறவிலும்கூட. இப்படித்தான் லாங்ஹார்ன் மாட்டில் 'டூபென்னி' என்ற காளையும், ஆட்டில் நியூ லெஸ்டர் இனமும் பேர் வாங்கின.

மனிதர் பெரிய கெட்டிக்காரர். கிடாக்களை விற்கமாட்டார், ஒரு பருவத்துக்கு வாடகைக்கு விடுவார். ஆரம்பத்தில் சில ஷில்லிங், பிற்பாடு நூற்றுக்கணக்கான கினி! பணம் ஒரு பக்கம். பல பண்ணைகளில் பிறந்த குட்டிகளைப் பார்த்து, எந்தக் கிடா தேறும் என்று முடிவு செய்ய அவருக்கு வசதியாகிவிட்டது. நாம் புரோஜெனி டெஸ்ட் என்று படித்தது இதைத்தானே! மெண்டல் கட்டுரை அச்சாவதற்கு (1866) நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஆரம்பித்த வேலை இது.

வீட்டுக் கூடத்தில் எலும்புக்கூடுகளும் உப்புநீரில் போட்ட இறைச்சித் துண்டுகளும் வைத்திருந்தாராம், நம் அனாடமி மியூசியம் மாதிரி. இன்னொரு கதையும் உண்டு. கழித்த ஆடுகளைக் கசாப்புக்கு அனுப்பும் முன் வெள்ளம் பாய்ச்சிய புல்வெளியில் மேயவிட்டு, ஈரல் புழு பிடிக்க வைப்பாராம். வாங்கியவன் குட்டி எடுத்துவிடக் கூடாதே! வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் தாராளமாகச் செலவழித்தவர், 1776-ல் திவாலாகி, பிறகு மீண்டார்.

இனிதான் நம் தொழிலுக்கு வேண்டிய விஷயம். அவர் பார்த்தது இறைச்சியை மட்டும். சீக்கிரம் கொழுக்கணும், எலும்பு சிறுக்கணும். கொழுத்தன. ஆனால் லாங்ஹார்ன் பசுக்களின் மடி வற்றியது, சினை பிடிப்பதும் குறைந்தது. நியூ லெஸ்டர் ஆடுகள் இரட்டைக் குட்டி போடுவது அபூர்வமாயிற்று. 1795-ல் அவர் கண்ணை மூடிய பிறகு, அவர் முறையைக் கற்றுக்கொண்ட காலிங் சகோதரர்களின் ஷார்ட்ஹார்ன் மாடுகள் லாங்ஹார்னை ஓரங்கட்டிவிட்டன.

அதே கதை ஹோல்ஸ்டீனிலும் நடந்தது, இந்தத் தடவை பாலை மட்டும் பார்த்து. 1962-ல் பிறந்த 'சீஃப்' என்ற அமெரிக்கக் காளையின் வாரிசுகள் உலகமெங்கும் பரவின. பால் பெருகியதில் லாபம் 3,000 கோடி டாலர் என்று 2016-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. கூடவே வந்தது ஒரு பழுதான மரபணு. தாய், தகப்பன் இரண்டு வழியிலும் அது வந்து சேர்ந்தால் கரு தங்காது. அப்படிக் கலைந்த சினைகள் ஐந்து லட்சத்துக்கு மேல் என்று அதே ஆய்வு சொன்னது.

மூணு ஊசி போட்டும் நிக்கலையே டாக்டர் என்ற புலம்பலைக் கேட்காத நாளே எனக்கு இருந்ததில்லை. தீவனம், தாது உப்பு, பருவம் தவறிய ஊசி என்றுதான் காரணம் தேடுவோம். பெரும்பாலும் அது சரியும்கூட. சினைத்திறனில் பரம்பரையின் பங்கு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. அதனாலேயே இனவிருத்திக்காரர்கள் ரொம்ப காலம் அதைத் தொடவில்லை. நார்வே, ஸ்வீடன்காரர்கள் 1970-களிலேயே சேர்த்துக்கொண்டார்கள். அமெரிக்கா மகள்களின் சினை விகிதத்தைக் காளை மதிப்பீட்டில் சேர்த்தது 2003-ல்தான். பங்கு சிறிதானாலும், ஆயிரக்கணக்கான மகள்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் காளைக்குக் காளை வித்தியாசம் தெரிந்துவிடுகிறது.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: ஹோல்ஸ்டீன் காளைப் பட்டியல் கைக்கு வந்தால், லிட்டர் கணக்கைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள். மகள்களின் சினைத்திறனுக்கும், சீஃப் வழி வந்த அந்த மரபணு உண்டா என்பதற்கும் தனித்தனிக் கட்டம் இருக்கும்.