தம் கண்ணையே சோதித்த மருத்துவர்

டிசம்பர்த் திங்கள் 13ஆம் நாள் புனித லூசியாவின் திருநாள். கண்நோயாளரின் பாதுகாவலியாகத் திருச்சபை போற்றும் அப்புனிதையை நாடி மன்றாடுவோர் உலகெங்கும் உண்டு. அத்தகைய நோயாளர்க்கு ஒரு புதுவழி காணத் தம் கண்ணையே சோதனைக்கு உட்படுத்திய மருத்துவர் ஒருவரின் வாழ்வை இங்குக் காண்போம்.

அடோல்ஃப் யூஜின் ஃபிக் 1852ஆம் ஆண்டு ஜெர்மனி நாட்டின் மார்பர்க் நகரில் பிறந்தார். தந்தை உடற்கூற்றியல் பேராசிரியர். அவர் மறைந்தபோது ஃபிக் சிறுவன். சிறிய தந்தையார் அவரைத் தம் குடும்பத்தில் ஒருவராக வளர்த்தார். அவர் பெயரும் அடோல்ஃப் ஃபிக்தான். பொருள்கள் பரவும் முறையைப் பற்றி மேல்வகுப்பு மாணவியர் படிக்கும் ஃபிக் விதிகளை 1855இல் வகுத்தவர் அவரே.

மருத்துவம் பயின்ற ஃபிக், தென்னாப்பிரிக்காவில் சில காலம் பணியாற்றியபின் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் கண் மருத்துவரானார். கருவிழிப் படலம் கூம்புபோல் பிதுங்கியவர்களும், புண் ஆறித் தழும்பேறியவர்களும் அவரிடம் வந்தனர். மேடுபள்ளமான படலத்தில் ஒளி சிதறிவிடும். மூக்குக் கண்ணாடி எத்தனை மாற்றினாலும் அவர்களுக்குப் பார்வை தெளியாது. இவர்களுக்கு என்ன செய்வது?

படலத்தின் முன்னே சீரான கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை வைத்து, இடைவெளியை நீரால் நிரப்பினால் மேடுபள்ளம் மறையும் என ஃபிக் கருதினார். முதலில் முயல்களின் கண்களுக்கு அச்செடுத்துக் கிண்ணம் செய்து பொருத்தினார். அடுத்துத் தம் கண்ணிலேயே அணிந்தார். பிறகே நோயாளரிடம் சென்றார். கிண்ணத்தின் விளிம்பு வெண்விழியின்மேல் அமர்ந்தது. உள்ளே திராட்சைச் சர்க்கரைக் கரைசல் நிரப்பப்பட்டது. ஜெனா நகர அறிஞர் எர்ன்ஸ்ட் ஆபே கண்ணாடி செய்வதில் அவருக்கு உதவினார். 1888இல் ஃபிக் தம் ஆய்வை வெளியிட்டு, இக்கருவிக்குத் தொடுகண்ணாடி என்று பொருள்படும் பெயரையும் சூட்டினார். கான்டாக்ட் லென்ஸ் என்னும் பெயர் அதன் வழி வந்ததே.

ஆனால் ஒரு பெருங்குறை இருந்தது. சில மணி நேரத்தில் கண் உறுத்தும், பார்வை மங்கும். ஃபிக் இதை மறைக்காமல் எழுதி வைத்தார். கருவிழிப் படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. தனக்கு வேண்டிய பிராணவாயுவைப் பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்தே அது பெறுகிறது. கண்ணாடியோ அதைத் தடுத்துவிட்டது!

அதே காலத்தில், 1887இல், வீஸ்பாடன் நகரில் செயற்கைக் கண் செய்யும் முல்லர் குடும்பத்தார், நோயால் இமை சிதைந்த ஒருவருக்குக் கண்ணாடி ஓடு ஊதிக் கொடுத்தனர். அவரது கண் உலர்ந்து கெடாமல் அது காத்தது. ஆக, தெளிவு, ஈரம் என்னும் இரு நன்மைகளும் அன்றே புலப்பட்டன.

முதல் உலகப் போரில் ஃபிக் போர்க்கள மருத்துவமனைகளில் பணிபுரிந்தார். 1937இல் ஜெர்மனியில் ஹெர்ஷிங் என்னும் ஊரில் காலமானார். 1948இல் கருவிழியை மட்டும் மூடும் சிறிய பிளாஸ்டிக் லென்ஸ் வந்ததும் பெரிய கிண்ணம் பின்தங்கியது. ஆயினும் 1983இல், காற்றை உட்புகவிடும் பொருளால் அக்கிண்ணத்தைச் செய்யலாம் என ஒரு மருத்துவ அறிக்கை காட்டியது. ஃபிக் கண்ட குறை பெருமளவு தீர்ந்தது.

இன்று, மருந்து ஒவ்வாமையால் கண்ணின் மேற்பரப்பு புண்ணானவர்களும், கண்ணீர் சுரப்பு வற்றியவர்களும், இமை மூட இயலாதவர்களும் இதை அணிகின்றனர். காலையில் தூய உப்புநீர் நிரப்பி அணிவர், இரவில் கழற்றுவர். நாள் முழுதும் கருவிழி நீரில் நனைந்திருப்பதால் எரிச்சல் தணிகிறது. பலருக்கு எழுத்தும் முகமும் தெளிவாகத் தெரிகின்றன. நோயை இது முற்றும் நீக்காது. விழித்திரை கெட்டவர்க்குப் பயன் தராது. எனினும் வெளிச்சத்தைக் கண்டு அஞ்சி இருட்டறையில் முடங்கியோர் பலர் மீண்டும் வேலைக்கும் பள்ளிக்கும் செல்கின்றனர்.

அன்புத் தோழியரே! ஃபிக் செய்த கிண்ணம் சில மணி நேரமே நின்றது. ஆனால் அவர் குறையையும் நிறையையும் உள்ளவாறே எழுதி வைத்ததால், பின்வந்தோர் எங்கே தொடங்க வேண்டும் என அறிந்தனர். நம் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டிலும், நம் வாழ்விலும் அந்த உண்மையைக் கடைப்பிடிப்போமாக!