கடலை நிறுத்துப் பார்த்த மார்சிலி

இத்தாலி தேசத்துப் பொலோனா நகரில், பிரபுக் குடும்பமொன்றில் 1658-ஆம் ஆண்டு பிறந்தவர் லூயிஜி பெர்தினாந்தோ மார்சிலி. இருபத்தோராம் வயதில், 1679-ல், வெனிஸ் குடியரசின் தூதருடன் இஸ்தான்பூல் போய்ச் சேர்ந்தார். ஹஸார்பென் ஹுசைன் எபெந்தி என்னும் துருக்கிப் பேரறிஞரின் நட்பு அங்கே அவருக்குக் கிட்டியது. ஆயினும், அவருடைய பெயரை நிலைநாட்டிய சங்கதியை அவர் காதில் போட்டவர்களுள் முக்கியமானவர்கள் துருக்கி மீனவர்களே.

இஸ்தான்பூலைப் பிளந்து கிடக்கும் பாஸ்பரஸ் ஜலசந்தியில், கருங்கடல் நீர் தெற்கே மர்மராக் கடலை நோக்கி விரைந்து ஓடுகிறது. கரையில் நிற்கும் எவரும் இதைக் காணலாம். ஆனால் அடியிலே நீரோட்டம் நேர் எதிராக வடக்கே செல்கிறதென்பது வலை வீசுவோரின் பேச்சு. படிப்பறியாதார் பேச்சென்று மார்சிலி அதைத் தள்ளவில்லை. கயிற்றின் நுனியில் கனத்தைக் கட்டி, இடையிடையே வெள்ளை பூசிய தக்கைகளைப் பிணைத்து நீரில் இறக்கினார். மேலிருந்த தக்கைகள் தெற்கே சாய்ந்தன. ஆழத்தில் இறங்கியவையோ வடக்கே சாய்ந்தன.

காரணம் என்ன? தராசு பிடிக்கும் நமக்கு எளிதில் விளங்கும் காரியத்தை அவர் செய்தார். இரு நீரையும் எடுத்து எடை பார்த்தார். அடிநீர் கனமாயிருந்தது. கருங்கடலில் டான்யூப் முதலிய பெருநதிகள் விழுவதால், அதன் மேல்நீரில் ஆயிரம் பங்குக்கு ஏறக்குறைய 18 பங்கே உப்பு. மத்தியதரைக் கடலிலோ 38 பங்கு. உப்பு மிகுந்த நீர் கனத்தால் அடியில் புகுந்து வர, நதிகளால் பெருகிய இலேசான நீர் மேலே வழிந்து வெளியேறுகிறது. நடுவே தடுப்பு வைத்த ஒரு தொட்டியில் இரு நீரையும் தனித்தனியே நிரப்பி, தடுப்பின் மேலும் கீழும் இருந்த துளைகளைத் திறந்து, இதைக் கண்ணெதிரே நடத்தியும் காட்டினார். 1681-ல் ரோமாபுரியில் அந்நூல் வெளியாயிற்று.

பின்னர் அவர் வாழ்வு அலைக்கழிந்தது. ஆஸ்திரியச் சேனையில் சேர்ந்து 1683-ல் சிறைப்பட்டார். வியன்னா முற்றுகையின்போது துருக்கியர் பாசறையில் அடிமையாகக் காப்பி காய்ச்சினார். மறு ஆண்டு ஈட்டுப்பணம் கொடுத்து மீட்கப்பட்டார். அந்தக் காப்பியைப் பற்றியே 1685-ல் ஒரு சிறு நூல் எழுதினார் என்றால் மனிதரின் மனத்தைப் பாருங்கள்! 1703-ல் பிரைசாக் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்தது. மேலதிகாரிக்குச் சிரச்சேதம்; அவருக்கடுத்த நிலையிலிருந்த மார்சிலிக்குப் பதவிப் பறிப்பு.

மானமிழந்தவர் மார்செய் பட்டினத்துக்கு அருகிலுள்ள காசீ என்னும் கடற்கரை ஊரில் ஒதுங்கி, மறுபடியும் கடலையே ஆராய்ந்தார். பவளத்தின் உயிர்களைப் பூவென்று எண்ணியது அவர் பிழை. கடலைப் பற்றிய அவருடைய பெருநூல் 1725-ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. 1730-ல் பிறந்த ஊரிலேயே காலமானார்.

முற்காலத்தில் இங்கிருந்து ஹஜ்ஜுக்குக் கப்பலில் சென்ற நம் பெரியவர்கள் பாபுல் மந்தபு ஜலசந்தியைக் கடந்தே ஜித்தா சேர்ந்தார்கள். வெயிலில் வற்றி உப்பேறிய செங்கடலின் கனத்த நீர், அவ்விடத்தில் கப்பலுக்கு அடியாக ஏடன் பக்கம் வெளியேறிக் கொண்டிருந்தது.