வல்லரசுகளின் நடுவே நின்ற நாசர்

இரண்டாம் உலகப் போர் 1945ஆம் ஆண்டில் முடிவுற்றது. அப்போரில் தோளோடு தோள் நின்ற அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஓரிரு ஆண்டுகளிலேயே எதிரெதிர் முகாம்களாயின. நேருக்கு நேர் பொருதாமல், ஆயுதக் குவிப்பாலும் பொருளுதவியாலும் பரப்புரையாலும் உலக நாடுகளைத் தத்தம் பக்கம் ஈர்க்க அவை முயன்ற நிலையையே பனிப்போர் என்கிறோம். 1991ஆம் ஆண்டில் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது அந்நிலையும் மறைந்தது. வாஷிங்டனிலும் மாஸ்கோவிலும் வீற்றிருந்தோரை மையமாகக் கொண்டே அவ்வரலாற்றை எழுதுவது வழக்கம். அடிமைத் தளையிலிருந்து அன்றுதான் விடுபட்ட ஏழை நாடுகள் இவ்விரு வல்லரசுகளுக்கும் இடையில் எங்ஙனம் வாழ்ந்தன, எவற்றைப் பெற்றன, எவற்றை இழந்தன என்பதை அறிய வேண்டுமாயின், எகிப்தின் தலைவராய் விளங்கிய ஜமால் அப்துல் நாசரின் வாழ்வை நாம் நோக்குதல் வேண்டும்.

இளமையும் எழுச்சியும்

நாசர் 1918ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் அலெக்சாந்திரியா நகரில் பிறந்தார். தந்தையார் அஞ்சல் துறையில் பணியாற்றிய எளிய ஊழியர். மேல் எகிப்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவர். கல்வியின் பொருட்டுக் கெய்ரோவில் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்த காலத்தில், எட்டு வயதில், நாசர் தம் அன்னையை இழந்தார். அத்துயரச் செய்தி அவருக்கு உடனே அறிவிக்கப்படவில்லை. பின்னர் வீடு திரும்பியபோதுதான் அறிந்தார்.

அந்நாளைய எகிப்து, பெயரளவில் மன்னரது ஆட்சியிலும் உண்மையில் ஆங்கிலேயரின் பிடியிலும் இருந்தது. 1882ஆம் ஆண்டில் நுழைந்த ஆங்கிலப் படை, 1922ஆம் ஆண்டில் விடுதலை அறிவிக்கப்பட்ட பின்னரும் வெளியேறவில்லை. 1935ஆம் ஆண்டு நவம்பரில் கெய்ரோ மாணவர் நடத்திய எதிர்ப்பு ஊர்வலத்தில் கலந்துகொண்ட நாசரின் தலையைத் துப்பாக்கிக் குண்டு ஒன்று உராய்ந்து சென்றது. அப்போது அவர் பள்ளி மாணவர். 1937ஆம் ஆண்டில் இராணுவக் கல்லூரியில் இடம் பெற்றார். எளிய குடும்பத்து இளைஞர்களுக்கு அக்கல்லூரியின் கதவு அப்போதுதான் திறந்திருந்தது.

1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆங்கிலேயர் டாங்கிகளால் அரண்மனையைச் சூழ்ந்து, தாம் விரும்பியவரையே தலைமையமைச்சராக்குமாறு மன்னர் ஃபாரூக்கை நிர்ப்பந்தித்தனர். இளம் அதிகாரிகளின் உள்ளத்தில் இந்நிகழ்ச்சி ஆறாத வடுவாயிற்று. 1948ஆம் ஆண்டுப் பாலஸ்தீனப் போரில் ஃபலூஜா என்னுமிடத்தில் பல திங்கள் முற்றுகையிடப்பட்ட படைப்பிரிவில் நாசரும் ஒருவராயிருந்தார். முதலில் சீர்திருத்த வேண்டுவது தலைநகரையே என்ற முடிவோடு அவர் திரும்பினார்.

1952ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 23ஆம் நாள் ‘சுதந்திர அதிகாரிகள்’ என்னும் குழு ஆட்சியைக் கைப்பற்றியது. அக்குழுவை உருவாக்கி இயக்கிய நாசருக்கு அப்போது வயது முப்பத்து நான்கு. மன்னரின் குருதி சிந்தப்படவில்லை. பீரங்கி மரியாதையோடு கப்பலேற்றி அனுப்பினர். அவ்வாண்டிலேயே நில உச்சவரம்பு வந்தது. ஒருவர் 200 ஃபெத்தானுக்கு மேல் நிலம் வைத்திருத்தலாகாது என விதிக்கப்பட்டது. ஒரு ஃபெத்தான் ஏறத்தாழ ஓர் ஏக்கர். 1953ஆம் ஆண்டில் எகிப்து குடியரசாயிற்று. முதற் குடியரசுத் தலைவர் நஜீபை 1954ஆம் ஆண்டில் விலக்கி, அதிகாரம் முழுவதையும் நாசர் தம் கையில் கொண்டார்.

எம்முகாமிலும் சேராமை

1954ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஆங்கிலப் படை சூயஸ் பகுதியை விட்டு வெளியேற இசைந்தது. ஆயினும் அடுத்த ஆண்டே பாக்தாத் உடன்படிக்கை என்னும் இராணுவக் கூட்டணி மேற்கு ஆசியாவில் தோன்றியது. சோவியத் ஒன்றியத்தைத் தடுப்பதே அதன் நோக்கம். வாயில் வழியே வெளியேறிய அந்நியப் படை சாளரத்தின் வழியே மீண்டும் நுழையுமோ என ஐயுற்ற நாசர், அதில் சேர மறுத்தார்.

1955ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் இருபத்தொன்பது கூடின. அங்கு நேருவோடும் சீனத்தின் சூ என்லாயோடும் சமமாக வீற்றிருந்த நாசர், எகிப்து தனித்து நிற்கவில்லை என்பதை உணர்ந்தார். 1961ஆம் ஆண்டில் பெல்கிரேடில் கூடிய அணிசேரா நாடுகளின் முதல் உச்சி மாநாட்டுக்கு வழிகோலியவர்களுள் நேருவும் டிட்டோவும் நாசரும் முதன்மையானவர்கள்.

எம்முகாமிலும் சேராதிருத்தல் சொல்லுக்கு எளிது, செயலுக்கு அரிது. நாட்டின் எல்லையைக் காக்க ஆயுதம் வேண்டும். மேற்கு நாடுகள் தயங்கின. 1955ஆம் ஆண்டு செப்டம்பரில், செக்கோஸ்லோவாக்கியாவின் வழியாகச் சோவியத் ஆயுதங்களைப் பெறப்போவதாக நாசர் அறிவித்தார். விலையாகப் பருத்தி முதலிய விளைபொருள்களை அளிக்க உடன்பாடாயிற்று. வாஷிங்டன் திடுக்கிட்டது.

அணையும் கால்வாயும்

எகிப்தின் உயிர்நாடி நைல் நதி. அதன் வெள்ளத்தைத் தேக்கிப் பாசனத்தையும் மின்சாரத்தையும் பெருக்க அஸ்வானில் பேரணை ஒன்று கட்டுவது நாசரின் பெருங்கனவு. அமெரிக்காவும் பிரிட்டனும் உலக வங்கியும் முதலில் உதவ முன்வந்தன. ஆயுத ஒப்பந்தமும், 1956ஆம் ஆண்டு மே மாதத்தில் மக்கள் சீனத்தை நாசர் அங்கீகரித்ததும் அமெரிக்காவுக்குச் சினமூட்டின. சூலை 19ஆம் நாள் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸ் உதவியைத் திரும்பப் பெற்றார்.

ஏழே நாள்களில் நாசர் விடையிறுத்தார். சூலை 26ஆம் நாள் மாலை அலெக்சாந்திரியாவில் மக்கட் பெருங்கூட்டத்தில் உரையாற்றுகையில், சூயஸ் கால்வாயை வெட்டிய ஃபிரெஞ்சுக்காரர் லெசெப்ஸின் பெயரை அவர் உச்சரித்தார். வானொலிக்குச் செவிசாய்த்துக் காத்திருந்த எகிப்தியக் குழுவினருக்கு அதுவே அடையாளச் சொல். உடனே அவர்கள் கால்வாய்க் கழகத்தின் அலுவலகங்களைக் கைப்பற்றினர். எகிப்தியர் உழைப்பால் 1869ஆம் ஆண்டில் திறக்கப்பட்டும் பெரும்பாலும் அந்நியருக்கே வருவாய் ஈட்டிய அக்கால்வாய், அன்று நாட்டுடைமையாயிற்று. பங்குதாரருக்கு இழப்பீடு அளிக்க அப்போதே உறுதி கூறப்பட்டது. 1958ஆம் ஆண்டில் அதற்கான உடன்பாடும் ஏற்பட்டது. எகிப்தியரால் கப்பல்களை வழிநடத்த இயலாது எனப் பலர் எண்ணினர். ஐரோப்பிய மாலுமிகள் செப்டம்பரில் விலகிச் சென்ற பின்னரும் கப்பல்கள் தடையின்றிச் சென்றன.

அக்டோபர் 29ஆம் நாள் இஸ்ரேல் சினாயில் நுழைந்தது. முன்னரே செய்துகொண்ட இரகசிய உடன்பாட்டின்படி பிரிட்டனும் பிரான்சும் தொடர்ந்து தாக்கின. அப்போது வியப்புக்குரிய ஒன்று நிகழ்ந்தது. பகைவர்களான இரு வல்லரசுகளும் ஒரே பக்கம் நின்றன. ஐசனோவர் பிரிட்டனின் நாணயத்தைத் தாங்க மறுத்து நெருக்கினார். மாஸ்கோ ஏவுகணை மிரட்டல் விடுத்தது. ஆங்கில, ஃபிரெஞ்சுப் படைகள் டிசம்பரில் வெளியேறின. இஸ்ரேல் அடுத்த ஆண்டு மார்ச்சில் விலகியது. எகிப்தின் பக்கம் நின்ற அதே சோவியத் ஒன்றியம், அதே நவம்பரில் ஹங்கேரி மக்களின் எழுச்சியை டாங்கிகளால் நசுக்கியது என்பதையும் நாம் மறத்தலாகாது. வல்லரசுகள் நீதியின் பக்கம் நிற்பதும் நிற்காததும் தத்தம் நலனைப் பொறுத்ததே என்பதற்கு அந்த ஒரு திங்களே சான்று.

அணைக்குச் சோவியத் ஒன்றியம் 1958ஆம் ஆண்டில் கடன் வழங்கியது. 1960ஆம் ஆண்டு சனவரியில் பணி தொடங்கி 1970ஆம் ஆண்டில் முடிவுற்றது. உயரம் 111 மீட்டர். நீளம் ஏறத்தாழ 3,800 மீட்டர். பன்னிரண்டு மின்னாக்கிகள் 2,100 மெகாவாட் மின்சாரம் தரவல்லவை. பல்லாயிரம் நூபிய மக்கள் தம் பிறந்த மண்ணை நீருக்குக் கொடுத்துப் பெயர்ந்தது இப்பெரும்பணியின் மறுபக்கம். மாஸ்கோவிடம் கடன் பெற்ற அதே காலத்தில் உள்நாட்டுப் பொதுவுடைமையரைச் சிறையிலடைத்தவர் நாசர். அமெரிக்கக் கோதுமையையும் பெற்றவர். இரு தரப்பினரும் தம்மை இழக்க அஞ்சுமாறு நடந்துகொண்டதே அவரது அரசியல் திறன்.

ஏட்டின் மறுபுறம்

அத்திறனுக்கும் எல்லை இருந்தது. சிரியாவோடு 1958ஆம் ஆண்டில் உருவான ஐக்கிய அரபுக் குடியரசு 1961ஆம் ஆண்டில் முறிந்தது. 1962ஆம் ஆண்டில் யெமனின் உள்நாட்டுப் போரில் தலையிட்ட எகிப்தியப் படை ஐந்தாண்டுகள் அங்கே சிக்குண்டது. அறுபதுகளின் நடுவில் அமெரிக்கக் கோதுமையும் நின்றது. உள்நாட்டில் கட்சிகள் தடைசெய்யப்பட்டன, மாற்றுக் கருத்தினர் பல்லாயிரவர் சிறையில் வாடினர், சிலர் தூக்கிலிடப்பட்டனர். உழவருக்கு நிலமும் ஏழை மாணவருக்குக் கட்டணமில்லா உயர்கல்வியும் அளித்த ஆட்சியே அஞ்சாமல் பேசும் உரிமையை மறுத்தது. தவறு நேரும்போது தலைவரைத் தடுத்துச் சொல்ல எவரும் இல்லாத நிலை அதனால் உண்டாயிற்று.

அதன் விலை 1967ஆம் ஆண்டு சூன் 5ஆம் நாள் தெரிந்தது. பருத்தியை ஈடாக வைத்துப் பெறத் தொடங்கிய சோவியத் விமானங்களுள் பெரும்பாலானவை, இஸ்ரேலின் தாக்குதலில் சில மணி நேரத்தில் தரையிலேயே எரிந்தன. சினாய் பறிபோயிற்று. கால்வாய் மூடப்பட்டது, 1975ஆம் ஆண்டு வரை திறக்கவில்லை. நாசர் பதவி விலகுவதாக அறிவித்தார். இலட்சக்கணக்கான மக்கள் தெருவில் திரண்டு அவரைத் தடுத்தனர்.

1970ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இரகசியமாக மாஸ்கோ சென்ற நாசர், எகிப்தின் வானத்தைக் காக்கச் சோவியத் படையினரையே அனுப்புமாறு வேண்டினார். பல்லாயிரம் படையினர் வந்தனர். எழுபத்து நான்கு ஆண்டுகள் தங்கியிருந்த ஆங்கிலப் படையின் கடைசி வீரனை 1956ஆம் ஆண்டு சூனில் அனுப்பி மகிழ்ந்தவர், பதினான்கு ஆண்டுகள் கழித்து வேறோர் அந்நியப் படையைத் தாமே அழைக்க நேர்ந்தது. அவர் வாழ்வில் இதனினும் பெருந்துயரம் இல்லை என்றே நாம் கருதுகிறோம். அப்படையினரை 1972ஆம் ஆண்டில் வெளியேறச் சொன்னவர் அவருக்குப் பின்வந்த சாதாத்.

ஜோர்தான் அரசுக்கும் பாலஸ்தீனப் போராளிகளுக்கும் இடையே மூண்ட சண்டையை நிறுத்தக் கெய்ரோவில் அரபுத் தலைவர்களைக் கூட்டி, உடன்பாடு கண்டு, விருந்தினரை வழியனுப்பிய நாளிலேயே, 1970ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 28ஆம் நாள், நாசர் மாரடைப்பால் மறைந்தார். வயது ஐம்பத்திரண்டு. அவரது இறுதி ஊர்வலத்தில் கெய்ரோ நகரமே கண்ணீர்க் கடலாயிற்று.

நிறைவாக

வல்லரசுகளின் போட்டி சிறிய நாடுகளுக்கு ஊறு மட்டுமே விளைத்தது எனக் கூறுதல் பொருந்தாது. அப்போட்டி இல்லையேல் அஸ்வான் அணை அக்காலத்தில் எழுந்திருக்குமா என்பது ஐயமே. ஆனால் ஒரே கையிலிருந்து வந்த இருவகை உதவிகளின் முடிவு வெவ்வேறாயிற்று. அணை இன்றும் நீரைத் தேக்கி நிற்கிறது. அதன் பின்னுள்ள ஏரி நாசரின் பெயரையே தாங்குகிறது. ஆயுதங்களோ ஒரு காலைப் பொழுதில் சாம்பலாகிக் கடனையும் சார்பையும் விட்டுச் சென்றன. பிறரிடம் உதவி பெறும் நாடு, அவ்வுதவி தன் கால்களை வலுப்படுத்துகிறதா, கொடுத்தவரின் தோளிலேயே சாய்ந்திருக்கச் செய்கிறதா என ஆராய்ந்து ஏற்றல் வேண்டும். அங்ஙனம் ஆராய்வதற்கு அச்சமின்றி வினவும் குடிமக்களும் வேண்டும். நாசரின் வெற்றி முன்னதை உணர்த்துகிறது; அவரது வீழ்ச்சி பின்னதை உணர்த்துகிறது. வரலாறு பயிலும் மாணவர்கள் இரண்டையும் சேர்த்தே கற்பார்களாக!