பூச்சிகளோடு வாழ்ந்த ஃபேபர்

எங்க வீட்டு எருக்குழி மேல பெரிய கருங்குளவி ஒண்ணு தாழப் பறந்து சுத்திக்கிட்டே இருக்கும். கொட்டிடும்னு அம்மா துடைப்பத்தால விரட்டுவாங்க. அந்த மாதிரிக் குளவி எருவில் என்ன தேடுகிறது என்று உட்கார்ந்து பார்த்தவரைப் பற்றித்தான் இந்த முறை எழுதுகிறேன்.

ஜீன் ஹென்றி ஃபேபர் 1823-ல் பிரான்ஸ் நாட்டில் ஒரு கிராமத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். சின்ன வயசில் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றிருக்கிறார். உதவித்தொகையில் படித்து ஆசிரியர் ஆனார்.

அவிஞ்ஞோன் நகரில் பெண்பிள்ளைகளுக்கும் அறிவியல் வகுப்பு எடுத்தார். மகரந்தம் சேர்ந்து பூ காயாவதைப் பெண்களுக்குச் சொல்லலாமா என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். (நாங்க அதைத்தான் படம் வரைந்து பாகம் குறித்து மார்க் வாங்குகிறோம்!) கடைசியில் வேலையும் போச்சு. 1870-ல் குடியிருந்த வீட்டையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 3000 பிராங்க் கடன் கொடுத்து உதவினார். ஃபேபர் பாடப்புத்தகங்கள் எழுதிப் பிழைத்தார், கடனையும் அடைத்தார்.

1877-ல் அவர் மகன் ஜூல்ஸ் இறந்துபோனான். பள்ளிக்கூட வயசுதான். அப்பாவோடு பூச்சி தேடப் போகிற பையன். மூன்று குளவி வகைகளுக்கு அவன் பெயரையே வைத்தார்.

1879-ல் செரினியான் என்ற ஊரில் ஒரு தரிசு நிலம் வாங்கினார். கல்லும் முள்ளும்தான், பயிர் வைக்க ஆகாது. பூச்சிக்காகவே வாங்கினாராம்! அங்கே இலைமக்குக் குவியலில் ஸ்கோலியா என்ற குளவியைக் கவனித்தார். அது மண்ணுக்குள் புகுந்து வண்டின் வெள்ளைப் புழுவைக் கொட்டும். புழு சாகாது, அசையவும் முடியாது. அதன் வயிற்றில் ஒரே ஒரு முட்டை இடும். குளவிக்குஞ்சு ஒரே ஓட்டை வழியாகத் தின்னும். உயிருக்கு முக்கியமான பாகங்களைக் கடைசியில்தான் தொடும். அதனால் இரை கெடாது. ஃபேபர் குஞ்சை எடுத்து வேறு இடத்தில் கடிக்க விட்டுப் பார்த்தார். புழு அழுகி, குஞ்சும் செத்தது.

இதையெல்லாம் 10 தொகுதிகளாக எழுதினார். 1915-ல் 91 வயதில் காலமானார்.

இந்த இனத்தில் ஒன்று காண்டாமிருக வண்டு வகையின் புழுவைப் பிடிக்கும் என்றும் எழுதியிருக்கிறார். நம்ம தென்னங்குருத்தைத் துளைக்கிறதும் ஒரு காண்டாமிருக வண்டுதானே, அதன் புழுவும் எருக்குழியிலதான் இருக்கும்னு அம்மாகிட்ட சொன்னேன். துடைப்பத்தைக் கீழ போட்டுட்டு அவங்களும் என்கூட உட்கார்ந்து பார்த்தாங்க.